பழைய பெயரும் வெந்நீரும்

கொள்முதலுக்காக மும்பை சென்றபோது, கோட்டைப் பகுதியில் பழம்பெரும் ஓட்டல் ஒன்றில் தங்கினோம். பெயரை நம்பித்தான் போனோம். மெத்தை குழி விழுந்திருந்தது, வெந்நீர் வரவில்லை. கீழே சொன்னதற்கு, "இது நூறு வருஷக் கட்டடம் சார்" என்று பெருமையாகப் பதில் வந்தது. வெந்நீர் வந்திருந்தால் மறுபடியும் அங்கேயே போயிருப்போம்.

அந்தப் பகுதியில்தான் வாட்சன் ஓட்டலும் இருந்தது. இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து 1860களில் எழுப்பினார்கள். 1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டியது அங்கேதான். 1903இல் தாஜ்மகால் ஓட்டல் மின்விளக்கோடு திறந்தது. விருந்தினர் அங்கே திரும்பினார்கள். வாட்சன் கட்டடம் நாளடைவில் வாடகை அறைகளும் அலுவலகங்களுமாக மாறிப்போனது. 2005இல் அதன் பால்கனிகள் இடிந்து விழுந்தன.

நமது மண்டிக்கும் அறுபது வயது. துவரம்பருப்பில் வண்டு என்று சில்லறைக் கடைக்காரர் ஒருவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "தாத்தா காலத்துக் கடை அண்ணாச்சி, அப்படி இருக்காது" என்றான் நம் பையன். புகார் வந்தால் முதலில் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடையின் வயதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நாம் வந்து பிரித்தோம், வண்டு இருந்தது. மாற்றிக் கொடுத்தோம். இரண்டு மாதமாக அவர் கணக்கில் புதுப் பற்று எழுதவில்லை.