முதலில் இறங்கி இறுதியில் ஏறியவர்

முடிவு தெரிந்த கதையையும் மூச்சடக்கிப் பார்க்க இயலுமா? இயலும் என்பதற்கு 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிஷன் ராணிகஞ்ச்’ என்னும் இந்தித் திரைப்படம் சான்றாகும். டினு சுரேஷ் தேசாய் இயக்கிய இப்படத்தில் அக்‌ஷய் குமார் நடித்துள்ளார். மேற்கு வங்கத்தில் நிகழ்ந்த உண்மையான மீட்புப் பணியே இப்படத்தின் கரு.

ராணிகஞ்ச் 1774ஆம் ஆண்டிலேயே நிலக்கரி அகழத் தொடங்கிய பகுதி. அங்குள்ள மகாவீர் சுரங்கத்தில் 1989 நவம்பர் 13ஆம் நாள், நிலக்கரியைப் பெயர்க்க வெடி வைத்தனர். அருகில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்கத்தின் தடுப்பு உடைந்தது. அங்குத் தேங்கியிருந்த நீர் வெள்ளமெனப் பாய்ந்தது. பலர் மேலேறித் தப்பினர்; ஆறு பேர் மாண்டனர்; 65 பேர் உள்ளே சிக்கிக்கொண்டனர்.

நீரை இறைத்து முடிக்கும்வரை அவர்கள் உயிர் தாங்குமா என்பது ஐயமாயிற்று. அப்போது ஜஸ்வந்த் சிங் கில் என்னும் சுரங்கப் பொறியாளர் ஒரு வழி கூறினார். மேலிருந்து புதிய துளையிட்டு, ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டை அதன்வழியே இறக்கலாம் என்றார். துளையின் விட்டம் ஏறத்தாழ 22 அங்குலம். உங்கள் 30 செ.மீ. அளவுகோல்கள் இரண்டை வரிசையாக வைத்தால் வரும் நீளத்தைவிட அது குறைவு!

கூண்டு உருவாயிற்று. முதலில் இறங்குவது யார்? கூண்டு இடையில் சிக்கலாம், கயிறு அறுந்துபோகலாம். கில் தாமே இறங்க முன்வந்தார். நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் அவர் இருளுக்குள் இறங்கினார். கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி அனுப்பினார். 65 பேரும் மேலேற ஏறத்தாழ ஆறு மணி நேரமாயிற்று. அனைவரும் சென்றபின் இறுதியாக அவர் ஏறினார்.

திரைப்படம் ஒரு நாயகனை நம் கண்முன் நிறுத்துகிறது. துளையிட்டோர், எஃகைப் பற்றவைத்தோர், கயிற்றை இயக்கியோர் எனப் பலரும் அவருக்குத் துணைநின்றனர். கீழே இறங்கியவரின் உயிர் மேலே நின்றவர்களின் கைகளில் இருந்தது. அந்நம்பிக்கையே இம்மீட்பின் உயிர்நாடி.

1991இல் குடியரசுத் தலைவர் இரா. வெங்கட்ராமன், கில்லுக்குச் ‘சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்’ விருதை வழங்கினார். கில் 2019இல் மறைந்தார். மாண்ட அறுவரையும் மறவாது படிக்கும்போதே இவ்வரலாறு முழுமை பெறும்.

சொற்பொருள்
அகழ்தல் – தோண்டுதல்
எஃகு – உறுதியான இரும்பு
மாண்டனர் – இறந்தனர்
உயிர்நாடி – அடிப்படையானது

பயிற்சி
1. சுரங்கத்தினுள் நீர் புகுந்தது எவ்வாறு?
2. ஆறு மணி நேரத்தில் 65 பேர் மீண்டனர் எனில், ஒருவருக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?
3. கில் தாமே முதலில் இறங்கியது ஏன் என நீ கருதுகிறாய்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிறருக்கு ஆபத்தில் உதவிய ஒருவரைப் பற்றி உன் பெற்றோரிடம் தமிழில் கேட்டறிந்து, வகுப்பில் கூறுக.