1589-ல் எழுதிய ஸ்டெப்பை இன்றைக்கு ஆடுவது எப்படி?

ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் லாண்ட்ஸ்ஹூட் என்று ஒரு ஊர். 1475-ல் அந்த ஊரில் ஒரு பெரிய கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பவேரிய இளவரசர் கியார்க், பொண்ணு போலந்து அரசரின் மகள். அந்தக் கல்யாணத்தை 1903-லிருந்து ஊர்க்காரர்களே திருவிழாவாக நடத்துகிறார்கள். இப்போது நாலு வருஷத்துக்கு ஒரு முறை, கோடையில் சில வாரங்கள் நடக்கிறது. 2000 பேருக்கு மேல் பழைய உடையில் தெருவில் இறங்குகிறார்கள். ஆண்கள் பல மாதம் முன்பிருந்தே முடி வளர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இது பெரிய அளவில் நடப்பது. சின்ன அளவில் இதே மாதிரி நூற்றுக்கணக்கான விழாக்கள் ஐரோப்பா முழுக்க ஒவ்வொரு கோடையிலும் உண்டு. இடிந்த கோட்டை வாசலிலோ கிராமத்துச் சந்தைத் திடலிலோ நாலு கடை, ஒரு குதிரை, ஒரு வாள்சண்டை இருக்கும். கூடவே ஒரு நடனக் குழுவும் இருக்கும். எட்டுப் பத்துப் பேர், நீளப் பாவாடை, தொப்பி, ஒரு மேளம், ஒரு குழல். பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு ஆடுகிறவர்கள்தான்.

நமக்கு வர வேண்டிய சந்தேகம் ஒன்றுதான். 500 வருஷம் முன்னாடி வீடியோ கிடையாது. ஆடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பல நடனங்கள் நடுவில் விட்டே போய்விட்டன. அப்படியிருக்க, இந்தக் குழு ஆடுவது அந்தக் காலத்து ஆட்டம்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இது கிட்டத்தட்ட ஒரு ரிவர்ஸ் இஞ்சினியரிங் கேள்வி. அதனால் நம்ம முறையிலேயே பார்ப்போம்: முதலில் டேட்டா, அப்புறம் டீகோடிங், கடைசியில் எர்ரர்.

டேட்டா எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பாவில் நடனத்தை விளக்கி எழுதும் வழக்கம் 15-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தெரிகிறது. இத்தாலியில் டொமெனிகோ டா பியாசென்சா எழுதினார். அவருடைய மாணவர் குலியெல்மோ எப்ரேயோ 1463-ல் ஒரு நூல் தந்தார். அரண்மனை நடனங்களின் ஒழுங்கும் இலக்கணமும் இவற்றில் இருக்கின்றன.

அதே நூற்றாண்டில் பர்கண்டி அரசவை வழியாக வந்த ஒரு கையெழுத்துப் படி இன்று பெல்ஜியத்தின் அரச நூலகத்தில் இருக்கிறது. கறுப்புத் தாளில் தங்க, வெள்ளி மையால் எழுதியது. அதில் ‘பாஸ் டான்ஸ்’ என்ற மெதுவான நடனங்களுக்கு ஸ்டெப் எல்லாமே ஒற்றை எழுத்துகள். வணக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒற்றை அடிக்கு ஓர் எழுத்து, இரட்டை அடிக்கு ஓர் எழுத்து. மேலே ஒரு ஸ்வரம், கீழே ஓர் எழுத்து. மொத்த நடனமும் ஒரே வரியில் அடங்கும் ஒரு ஸ்ட்ரிங்! ஆனால் அந்த எழுத்து எந்த அசைவைக் குறிக்கிறது என்று தெரியாதவருக்கு அது வெறும் எழுத்துதான்.

கிராம விழாக்களில் ஆடும் குழுக்களுக்குக் கைகொடுப்பது மூன்றாவது நூல். 1589-ல் பிரான்ஸின் லாங்ர் நகரில் வெளியான ‘ஓர்கெசோகிராஃபி’. கிரேக்க வேர்ப்படி ‘நடன எழுத்து’ என்று அர்த்தம். ஆசிரியர் பெயர் துவானோ ஆர்போ என்று இருக்கும். அது புனைபெயர். உண்மையில் அவர் ஜெஆன் தபூரோ என்ற தேவாலயக் குரு. தன் பெயரின் 13 எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுப் புனைபெயர் செய்துகொண்டார். புத்தகம் வரும்போது அவருக்கு எழுபது நெருங்கிவிட்டது.

நூல் முழுக்க குருவுக்கும் சீடனுக்கும் நடக்கும் உரையாடல். சீடன் கேப்ரியோல் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். படிப்பெல்லாம் சரி, சபையில் ஆடத் தெரியாமல் முழிக்கிறான். (நம்ம ஆளுதான்!) முந்தைய தலைமுறை நடனங்கள் எழுதப்படாமலே மறைந்ததைக் குரு சொல்ல, இப்போதைய நடனங்களுக்கும் அந்தக் கதி வராமல் எழுதி வையுங்கள் என்று கேட்பவனும் இவன்தான்.

ஆர்போ செய்த வேலை எளிமையானது. இசைக் கோடுகளைப் பக்கத்தில் செங்குத்தாகத் திருப்பினார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நேரே அந்த நேரத்தில் கால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார். இடது பத்தியில் நேரம், வலது பத்தியில் செயல். நாம் லேபில் போடும் டைமிங் டேபிள் மாதிரியேதான்.

செய்து பாருங்க

ஹாஸ்டல் வராண்டா போதும். நாலைந்து பேர் கை கோத்து வட்டமாக நில்லுங்க. இந்த வகை ஆட்டத்துக்கு ‘பிரான்ல்’ என்று பெயர். அசைதல், ஆடுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பக்கவாட்டில்தான் நகர வேண்டும்.

இரட்டை அடி, 4 கவுண்ட்: இடது காலை இடப்பக்கம் வையுங்க (1). வலது காலைப் பக்கத்தில் கொண்டு வாங்க (2). மறுபடி இடது (3). வலதைச் சேர்த்து நில்லுங்க (4).

ஒற்றை அடி, 2 கவுண்ட்: ஒரு காலை வையுங்க (1). மற்றதைச் சேருங்க (2).

இரட்டை அடி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று ஆடினால் அது ‘இரட்டை பிரான்ல்’. இடப்பக்கம் இரட்டை, வலப்பக்கம் ஒற்றை ஆடினால் ‘ஒற்றை பிரான்ல்’. அடிகளைச் சம அளவில் வைத்தால் ஒற்றை பிரான்லில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடப்பக்கம் 2 அடி போய் 1 அடி திரும்புகிறீர்கள். ஆக, 6 கவுண்டுக்கு 1 அடி நகர்ச்சி. வட்டம் மெதுவாகச் சுழல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அவ்வளவுதான், 1589-ஆம் வருஷத்து ஆட்டம் ஒன்று உங்களுக்குத் தெரியும். விழாக்களில் குழுக்கள் பார்வையாளர்களை இழுத்து வட்டத்தில் சேர்த்துக்கொள்வதும் இதனால்தான். ஐந்து நிமிஷத்தில் யாருக்கும் வந்துவிடும். முதியவர்கள் இந்த இரண்டையும் நிதானமாக ஆடுவார்கள், இளம் தம்பதிகள் துள்ளலான பிரான்லை ஆடுவார்கள், சின்னஞ்சிறுசுகள் இன்னும் வேகமானதை ஆடுவார்கள் என்று ஆர்போவே வயது வாரியாக எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் நடிப்பு கலந்தவையும் உண்டு. ‘சலவைப் பெண்கள் பிரான்ல்’ நடுவில் எல்லோரும் கைதட்ட வேண்டும். பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் பெண்கள் துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் அது. ‘குதிரை பிரான்ல்’ ஆடும்போது குதிரை தரையைக் காலால் தட்டுவது போலத் தட்ட வேண்டும். குழந்தைகள் கூட்டத்துக்கு இதுதான் சூப்பர்ஹிட்.

‘காலியார்ட்’ வேறு ரகம். 6 மாத்திரையில் 5 அசைவு: நாலு முறை காலை உதற வேண்டும், ஐந்தில் எம்பிக் குதிக்க வேண்டும், ஆறில் தரையிறங்கி நிற்க வேண்டும். இதற்குப் பயிற்சி வேண்டும். குழு மட்டும் ஆடிக் காட்டும்.

எர்ரர் எங்கே வருகிறது?

ஆர்போ எவ்வளவு எழுதினாலும் சில இடங்கள் காலி. முதலாவது வேகம். நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று குறிக்க அன்று கருவி இல்லை. மெட்ரோனோமுக்கு மால்சல் காப்புரிமை வாங்கியது 1815-ல். அடுத்தது கை. காலுக்குத்தான் அட்டவணை, கை, தோள், பார்வை பற்றிப் பல இடங்களில் குறிப்பே இல்லை. இங்கிலாந்தில் 1651-ல் பிளேஃபோர்ட் வெளியிட்ட நாட்டு நடனத் தொகுப்பில் நிலைமை தலைகீழ். யார் எங்கே நகர வேண்டும் என்று இருக்கும், எந்த அடி வைத்து நகர வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. அன்றைய வாசகருக்குத் தெரிந்த விஷயம், எதற்கு எழுத வேண்டும்? கமென்ட் போடாத கோடை ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

இந்தக் காலி இடங்களைக் குழுதான் நிரப்ப வேண்டும். உடையின் எடை, செருப்பு, புல்தரையா கல்தரையா, எல்லாவற்றையும் வைத்து முயன்று பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அதனால்தான் ஒரே நடனம் இரண்டு குழுவிடம் இரண்டு விதமாக இருக்கும். அதில் தப்பு இல்லை.

தப்பு வருவது வேறு இடத்தில். விழா போஸ்டரில் 13-ஆம் நூற்றாண்டு என்று இருக்கும். உடையும் அப்படியே இருக்கும். ஆடுவது மட்டும் ஆர்போவின் பிரான்ல். நடுவில் 300 வருஷ இடைவெளி! இதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டு ‘எஸ்டாம்பி’ இசை ஏட்டில் இருக்கிறது, ஆனால் அதற்கான அடிகள் எங்கும் எழுதப்படவில்லை. அந்த நூற்றாண்டை ஆட வேண்டுமென்றால் கற்பனை செய்துதான் ஆக வேண்டும். அதே போல மைனேரியோ 1578-ல் வெனிஸில் அச்சிட்ட ‘ஸ்கியாராசூலா மராசூலா’ மெட்டு இந்த விழாக்களில் ரொம்பப் பிரபலம். மெட்டு பழையது, ஆனால் அதற்கு இன்று ஆடும் அடிகள் நம் காலத்தில் அமைத்தவை.

‘சந்தோஷமா ஆடிட்டுப் போறாங்க, உங்களுக்கு என்ன?’ என்று கேட்கலாம். ஆடட்டும். ஆனால் திடலில் நிற்கும் பத்து வயசுப் பையன் தான் பார்ப்பதை வரலாறு என்று நம்பி வீட்டுக்குப் போகிறான். அடுத்த ஊர்க் குழு அதைப் பார்த்துக் காப்பி அடிக்கிறது. இரண்டு தலைமுறையில் எது ஏட்டில் இருந்தது, எது சென்ற வருஷம் யாரோ சேர்த்தது என்று பிரிக்கவே முடியாமல் போகும். ஆர்போ கஷ்டப்பட்டு எழுதி வைத்த டேட்டாவின் மேல் நாமே நாய்ஸ் ஏற்றுகிறோம்.

தீர்வு ரொம்பச் சின்னது. ஆடும் முன் அறிவிப்பாளர் ஒரு வரி சொன்னால் போதும்: ‘இசை 1578, அடிகள் எங்களுடையவை.’ அதனால் கைதட்டல் குறையாது.

எம்.எஸ். படிக்க ஜெர்மனி, பிரான்ஸ் என்று கிளம்புகிறவர்கள் கோடையில் இப்படி ஒரு விழாவில் மாட்டுவீங்க. வட்டத்தில் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்க, இரட்டை அடி உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் குழுவிடம் மூன்று கேள்வி கேளுங்க. இது எந்த நூலில் இருக்கு? அந்த நூல் எந்த வருஷம்? இதில் நீங்க சேர்த்தது எது? நல்ல குழுவாக இருந்தால் மூன்றாவது கேள்விக்குத்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்து பதில் சொல்லும்.