நின்றே கிடக்கும் கார் ஏன் திணறுகிறது?

கேள்வி: மாமல்லபுரம் வீட்டில் நிற்கும் என் சான் ஸ்டார்ம் காரை எப்போதாவதுதான் எடுக்கிறேன். ஐடிலிங்கில் ஆர்.பி.எம். ஏறி இறங்கி, வண்டி அணைந்துவிடுகிறது. எஞ்சின் போய்விட்டதா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: பதற வேண்டாம். அதிலுள்ள 1,149 சிசி ரெனோ எஞ்சின் உழைப்பாளி. என் முதல் சந்தேகம் வேக்குவம் குழாய்கள்மீதுதான். ரப்பர் வெடித்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும், ஆர்.பி.எம். அலையும். எஞ்சின் ஓடும்போது 'உஸ்' சத்தம் கேட்கிறதா பாருங்கள்; விசிறிப் பக்கம் கை வேண்டாம். அடுத்து, த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கிளீனரால் துடையுங்கள். உப்புக்காற்றில் எர்த் வயர் முனைகள் பூத்திருக்கும், சுரண்டுங்கள். பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள்: அதில் கலந்துள்ள 20 சதவீத எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் கால ரப்பரையும் அரிக்கும். ஐடில் ஸ்க்ரூவை மட்டும் திருகாதீர்கள்; நோய் மறைந்துகொள்ளும். வாரம் ஒருமுறை ஈ.சி.ஆரில் கல்பாக்கம் வரை ஓட்டி வாருங்கள்.