தொலைநோக்கிக்கு நேரம் கூறுதல்

ஒரு விண்மீன் வானில் எத்திசையில் எவ்வுயரத்தில் உளது என்று கூறவேண்டுமாயின், எவ்விடத்திலிருந்து நோக்குகின்றோம், எந்நேரத்தில் நோக்குகின்றோம் என்னும் இரண்டும் முதற்கண் தெரிதல் வேண்டும். பூமி தன்னைத்தான் சுற்றுவதால் வானம் முழுதும் மணிக்கு 15 பாகை கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோலத் தோன்றுகின்றது. நம் முன்னோர் கணக்கிற் கூறின், 24 நிமிஷங்கொண்ட ஒரு நாழிகைக்கு 6 பாகை. ஆகவே நேரத்திற் பிழை நேரின், இடத்திலும் பிழை நேரும் என்பது வெளிப்படை.

இக்காலத்துத் தொலைநோக்கிகள் பலவற்றில் கணினி பொருந்திய தாங்கி அமைந்துள்ளது. நாம் ஒரு விண்மீனின் பெயரைத் தெரிந்து விசையை அழுத்தினால், அது தானே திரும்பி அவ்விண்மீனை நோக்கி நிற்கும். ஆயினும் அதற்கு முன் அது நம்மைச் சில வினாக்கள் வினவும். நின்ற ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை யாவை? தேதி யாது? கடிகாரம் காட்டும் நேரம் யாது? நேர மண்டலம் யாது? டேலைட் சேவிங் என்னும் கோடைக்கால நேரம் நடைபெறுகின்றதா? இவற்றுட் பின்னைய மூன்றும் தனித்தனி வினாக்கள்போலத் தோன்றினும், அவை நாடுவது ஒரே விடையையே. அஃது உலகப் பொதுநேரமாகும். கருவி நம் கடிகார நேரத்திலிருந்து மண்டல வேறுபாட்டைக் கழித்து, கோடைக்கால நேரம் உண்டெனின் மேலும் ஒரு மணியைக் கழித்து அதனை அறிகின்றது.

திண்டுக்கல்லில் இரவு 8 மணி என்று கொள்வோம். 5 மணி 30 நிமிஷத்தைக் கழிக்க, உலக நேரம் பிற்பகல் 2.30 ஆகும். கோடைக்கால நேரம் உண்டென்று கூறிவிட்டாலோ, கருவி அதனை 1.30 என்றே கொள்ளும். அப்போது தாங்கி ஒரு மணிக்கு முந்திய வானத்தைக் கருதி, விண்மீனுக்கு 15 பாகை கிழக்கே சென்று நிற்கும். கையை நீட்டி மடக்கிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். தொலைநோக்கியிற் காணும் வட்டமோ பெரும்பாலும் ஒரு பாகையளவே. எனவே தேடிய விண்மீன் அவ்வட்டத்தின் அருகிலும் இராது.

கோடைக்கால நேரம் நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. முதல் உலகப் போரின்போது 1916-ல் ஜெர்மனியும் இங்கிலாந்தும் அதனை மேற்கொண்டன. இரண்டாம் உலகப் போரில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவிலும் கடிகாரங்கள் ஒரு மணி முன் வைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டுகளின் வானக் குறிப்புகளை இன்று ஆராய்வோர் 5½ மணிக்குப் பதிலாக 6½ மணியைக் கழித்தல் வேண்டும். இலங்கையிலோ 1996-ல் முன்வைக்கப்பட்ட கடிகாரம் 2006-ல்தான் பழைய 5½ மணிக்கு முழுதும் மீண்டது. இன்று இந்தியாவில் இவ்வழக்கம் இல்லை. ஆகலின் அவ்வினாவிற்கு நம் விடை ஆண்டு முழுவதும் 'இல்லை' என்பதே. 'ஸ்டாண்டர்டு' என்னும் சொல் காணப்படின் அதனையே தெரிதல் வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணர்ந்த கருவியாயின், இதனை முதலிற் சோதித்தல் நலம்.

கற்ற மாணாக்கர்க்கே தோன்றும் ஐயம் ஒன்றுண்டு. இந்தியப் பொதுநேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. திண்டுக்கல்லோ ஏறத்தாழ 78 பாகையில் உளது. ஒரு பாகைக்கு 4 நிமிஷமாக, இவ்வூரின் உண்மை நேரம் சுமார் 18 நிமிஷம் பிந்தியதன்றோ? அங்ஙனமாயின் அதனைக் கழித்துக் கூறவேண்டாவா? வேண்டா. ஊர்க்கு ஊர் வேறுபட்ட நேரம் வழங்கிய காலம் ஒன்றிருந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணித்த சென்னை நேரமே இந்திய இரயில் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிற்று. அந்நிலையத்தின் ஆராய்ச்சிப் பணி 1899-ல் நம் மேற்கிலுள்ள கொடைக்கானல் மலைக்கு மாறிற்று. 1906 ஜனவரி முதல் நாளில் இன்றைய பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. கருவி 'உள்ளூர் நேரம்' என வினவுவது இக்கடிகார நேரத்தையே. அந்த 18 நிமிஷத்தை, நாம் கொடுத்த தீர்க்கரேகையினின்று அது தானே கணித்துக்கொள்ளும். நாமும் கழித்தால் 4½ பாகை பிழைபடும்.

வேறு சில கவனங்களும் வேண்டும். சில கருவிகளில் மண்டலம் முழு மணிகளாகவே அமைந்து, 5½ என்பது இராது. 5 என வைத்தால் 7½ பாகை மேற்கேயும், 6 என வைத்தால் அவ்வளவே கிழக்கேயும் தாங்கி பிழைக்கும். அப்போது மண்டலத்தைச் சுழி என வைத்து, உலக நேரத்தையும் அதற்குரிய தேதியையும் கொடுப்பதே முறை. நமக்கு 15-ஆம் தேதி அதிகாலை 3 மணியாயின், உலக நேரம் 14-ஆம் தேதி இரவு 9.30 என்பதை மறத்தலாகாது. தேதியில் மாதம் முன்னோ நாள் முன்னோ என்பதையும் நோக்குக. ஒரு மாதப் பிழை ஏறத்தாழ 30 பாகைப் பிழையாகும். தீர்க்கரேகை கிழக்கு என்பதும் உறுதிப்படல் வேண்டும்.

இரண்டு விண்மீன்களைக் காட்டித் தாங்கியை நேர்ப்படுத்தினால் நேரப்பிழை மறைந்துவிடும் என்பர் சிலர். விண்மீன்களுக்கு அது பெரும்பாலும் மெய்யே. சந்திரனோ விண்மீன்களிடையே மணிக்குத் தன் விட்டத்தளவு, அரைப் பாகை, நகர்வது. நேரம் பிழையாயின் அதன் இடமும் பிழையே. பகலில் வெள்ளியைத் தேடுவார்க்கு அபாயமும் உண்டு. பிழைபட்ட கருவி சூரியனை நோக்கித் திரும்பக்கூடும். அதனை வடிகட்டியின்றி ஒரு கணம் நோக்கினும் கண் பழுதாகும்.

ஆகவே தாங்கியை மட்டமாக நிறுத்தி, விடைகளைக் கொடுத்தபின், மிருகசீரிடக் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று விண்மீன்களைப்போல யாவரும் அறிந்த ஒன்றைக் கேட்டுச் சோதித்தறிக. தொலைநோக்கி அதற்கு 15 பாகை கிழக்கே நின்றால் கோடைக்கால நேரத்தையும், 7½ பாகை விலகினால் மண்டலத்தின் அரை மணியையும் நோக்குக. பிழையுற்ற விடையையே திருத்துதல் வேண்டும். மண்டலப் பிழையை மறைக்கக் கடிகாரத்தை மாற்றுவது, ஒரு பொய்யை மற்றொரு பொய்யால் மூடுவதாகும். மூன்று விடைகளும் மெய்யாயின், தொலைநோக்கியும் மெய்யே கூறும்.