செவ்வாயின் மண்ணுக்கடியில் பனிக்கட்டி

செவ்வாய் என்றதும் நம்மில் பலருக்குத் திருமணப் பேச்சும் ஜாதகக் கட்டமுமே நினைவுக்கு வருகின்றன. அறிவியலார் அக்கோளைப் பார்க்கும் பார்வை வேறு. பூமிக்கு அடுத்த சுற்றுப்பாதையில் சூரியனைச் சுற்றிவரும் செவ்வாயின் தரைக்கடியில் பெருமளவு பனிக்கட்டி உறைந்து கிடக்கின்றது. அங்குள்ள நிலத்தின் தோற்றத்தையே அது மாற்றியமைத்துள்ளது.

மண்ணுக்குள் மறைந்திருக்கும் பொருள் மேற்பரப்பை எவ்வாறு மாற்றும்? விடை காண வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று நாம் படியேறும் பத்துமலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. கரியமில வாயு கலந்த மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்தமையால் அங்கே குகைகள் உண்டாயின. கோலாலம்பூரின் பல பகுதிகளுக்கு அடியிலும் இக்கல்லே பரவியுள்ளது. அதிலுள்ள வெற்றிடங்களுக்குள் மேல்மண் சரிந்து இறங்குமாயின், தரை திடீரென உள்வாங்கிப் பள்ளமாகிவிடும்.

செவ்வாயிலோ கரையும் கல்லின் இடத்தில் பனிக்கட்டி உள்ளது. அங்குக் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே, மண்மூடி விலகிய பனிக்கட்டி உருகி நீராகாமல் நேரே ஆவியாகின்றது. பூசையறையில் திறந்து வைத்த கற்பூரம் ஈரம் சிறிதுமின்றித் தேய்ந்து மறைவது போன்றதே இது. பனிக்கட்டி போன இடத்தில் மேல்மண் தாழ்கின்றது. உட்டோப்பியா என்னும் வடபகுதிச் சமவெளியில், சிப்பியின் விளிம்பு போல் வளைந்த ஓரமுடைய பள்ளங்கள் இவ்வாறு தோன்றியவை என்பது ஆய்வாளர் கருத்து. செவ்வாயைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலம் ஒன்று ரேடார் அலைகளைச் செலுத்தி அச்சமவெளியை ஆராய்ந்தது. அங்கே 80 முதல் 170 மீட்டர் வரை தடிப்புள்ள பனிப்படிவம் இருப்பது 2016-இல் அறிவிக்கப்பட்டது.

வற்றிய குட்டையின் சேறு காய்ந்து, கட்டம் கட்டமாக வெடிப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். செவ்வாயின் வடபகுதியிலும் அத்தகைய கட்டங்கள் உள்ளன. ஆனால், அங்கு வெடிப்புக்குக் காரணம் வெயிலன்று, கடுங்குளிரே. பனிக்கட்டியால் இறுகிய மண் குளிரில் சுருங்கிப் பிளக்கின்றது. 2008 மே 25-இல் பீனிக்ஸ் என்னும் விண்கலம் இத்தகைய நிலத்தில் இறங்கி, மண்ணைத் தோண்டியது. சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே வெண்ணிறக் கட்டிகள் தென்பட்டன. நான்கே நாட்களில் அவை மறைந்துவிட்டன. உப்பாயிருந்தால் அவ்வாறு மறைந்திராது; எனவே அவை பனிக்கட்டி என்பது தெளிவாயிற்று.

இதனால் பயன் என்ன? நாளை மனிதன் செவ்வாய்க்குச் செல்வானாயின், அவனுக்கு வேண்டிய நீரனைத்தையும் பூமியிலிருந்து சுமந்து செல்வது மிகக் கடினம். நீர் கிடைத்தால் குடிக்கலாம். அதைப் பிரித்து மூச்சுக்குரிய பிராணவாயுவையும் பெறலாம். எங்கே இறங்குவது என்பதை அந்நிலத்தின் பள்ளங்களும் வெடிப்புகளுமே காட்டிக்கொடுக்கும்.

நிலத்தின் குறிகளைப் படித்தறிவது நமக்கும் இன்றியமையாதது. 2024 ஆகஸ்டு 23-இல் தலைநகரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கியபோது, ஒரு பெண்மணி பள்ளத்தில் வீழ்ந்து மறைந்த துயரத்தை நாடு மறக்கவில்லை. வீட்டருகே தரையில் புதிய வெடிப்போ தாழ்வோ காணப்பட்டால், பிள்ளைகளை அங்கு அணுகவிடாது, உடனே நிர்வாகத்திற்கு அறிவிப்பது நம் கடமையாகும்.