மலையடிவாரத்து மனையில் மழைநீர்: என்ன நடக்கிறது, என்ன செய்யலாம்?

திருத்தணியில் மலையைச் சுற்றிப் புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்கள் மழைக்காலம்தோறும் கேட்பது ஒரே கேள்விதான். "ஆறு கரை புரளவில்லை, ஏரி உடையவில்லை, பெய்தது ஒரு மணி நேர மழை. அப்படியிருந்தும் வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் எப்படி வந்தது?" நியாயமான கேள்வி. பதில் ஆற்றில் இல்லை. உங்கள் மொட்டை மாடியிலும், தெருவிலும், தெருக்கோடியில் யாரோ மூடிவிட்ட கால்வாயிலும் இருக்கிறது. பயப்படத் தேவையில்லை. ஆனால் காரணம் தெரியாமல் செலவு செய்தால், அடுத்த மழைக்கும் இதே தண்ணீர் வரும்.

ஊரின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். கோயில் மலை பாறை மலை. அதில் விழும் மழை மண்ணுக்குள் அதிகம் இறங்குவதில்லை, சரிவில் வழிந்து ஓடிவிடுகிறது. 365 படிகள் ஏற நமக்கு நேரம் பிடிக்கும், தண்ணீர் இறங்கச் சில நிமிடங்கள் போதும். முன்பு அந்த நீர் சிற்றோடைகளாகப் பிரிந்து, அடிவாரத்து மானாவாரி நிலங்களில் பரவி, வேகம் குறைந்து, வரத்துக் கால்வாய் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) வழியாக ஏரிகளுக்குப் போனது. ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழியும் அமைப்பு) வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் நந்தியாற்றில் சேரும். நந்தியாறு கொசஸ்தலை ஆற்றில் கலந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பூண்டி சென்னைக்குக் குடிநீர் தருவது. திருத்தணித் தெருவில் ஓடும் தண்ணீர் சென்னைவாசியின் குடத்துக்குப் போகும் தண்ணீர் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இப்போது அந்த மானாவாரி நிலங்கள் மனைப்பிரிவுகளாகிவிட்டன. சென்னை–திருப்பதி சாலையை ஒட்டிக் கடைகள், திருமண மண்டபங்கள், வாகன நிறுத்துமிடங்கள் வந்திருக்கின்றன. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கான்கிரீட்டும் தாரும் நிலத்தின் கணக்கை மாற்றிவிடுகின்றன. அந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,200 சதுர அடி மனை என்பது சுமார் 111 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் விழுவது ஏறக்குறைய 5,500 லிட்டர். மனை செடிகொடியுடன் மண்ணாக இருந்தால் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கும். முழுக்கக் கட்டிடமும் டைல்ஸும் சிமென்ட் தளமுமாக இருந்தால் சுமார் 5,000 லிட்டர் ஓட்டநீராக (மண்ணில் இறங்காமல் மேலோடி வழியும் மழைநீர்) வெளியே வரும். இப்படி 100 வீடுகள் உள்ள மனைப்பிரிவிலிருந்து ஒரே மழையில் 5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 40 லாரிக்கு மேல். அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே தெருமுனைக்கு வந்து சேர்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீர் இதற்கு மேல் தனிக் கணக்கு.

மழையின் தன்மையும் இதற்குத் துணைபோகிறது. கோடையில் வானிலை ஆய்வு மையத்தின் வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி முன்வரிசையில் நிற்பதை அறிவீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மட்டுமல்ல, ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அத்தகைய வெயிலுக்குப் பின் மாலையில் இடியுடன் கொட்டும் மழையும் இங்கு உண்டு. அடைமழை நாள் முழுக்கப் பரவிப் பெய்வது. மாலை இடிமழை ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். தெருவை மூழ்கடிப்பதில் பின்னதற்கே வேகம் அதிகம். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் தயாரானால் போதாது.

ஆற்று வெள்ளமும் தெரு வெள்ளமும் வேறு வேறு. 2021 நவம்பரில் ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டபோது கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பகுதி பாதிக்கப்பட்டது. அத்தகைய செய்தி வரும்போதெல்லாம் திருத்தணி மலையடிவாரத் தெருக்களிலும் வாட்ஸ்அப்பில் பதற்றம் பரவுகிறது. அணை நீர் ஆற்றின் போக்கில்தான் போகும். ஆற்றோரமும் தரைப்பாலங்களை ஒட்டியும் இருப்பவர்கள் வருவாய்த் துறை சொன்னவுடன் வெளியேற வேண்டும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது வண்டியில் கடக்கவே கூடாது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தங்கள் தெருவை. ஐயம் இருந்தால் மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070.

சரி, உங்கள் தெருவில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி? அடுத்த மழையின்போது பாதுகாப்பான இடத்தில் நின்று கவனியுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழை நின்ற எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று கைபேசியில் படமும் நேரமும் பதிந்துகொள்ளுங்கள். மழை விட்ட அரை மணிக்குள் வடிந்தால் கால்வாய் வேலை செய்கிறது, கொள்ளளவுதான் போதவில்லை. மணிக்கணக்கில் நின்றால் எங்கோ அடைப்பு. பெரும்பாலும் அது சிறுபாலத்துக் குழாயின் வாயில் இருக்கும். திருவிழா நாட்களுக்குப் பின் அங்கே கைவிட்டுப் பார்த்தால் தேங்காய் மட்டை, பூமாலை நார், கற்பூர உறை, தண்ணீர்ப் பாக்கெட், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் பந்தாகச் சுருண்டு கிடக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் மாலை இடிமழை வருகிற காலம் அது. இரண்டும் சேர்ந்தால் அடிவாரத் தெரு மூழ்குவதில் வியப்பில்லை.

வாசலில் படியும் வண்டலையும் பாருங்கள். செம்மண்ணும் பொடிக்கல்லும் என்றால் மேலே எங்கோ சரிவு வெட்டப்பட்டிருக்கிறது. கரிய எண்ணெய்ப்பசையுள்ள சேறு என்றால் சாலை நீர். கழிவறைக் கோப்பையில் குமிழி எழும்பினாலோ கழிவுநீர் வெளியே வந்தாலோ மழைநீரும் கழிவுநீரும் கலக்கின்றன என்று பொருள். மழைக்குப் பின் ஆழ்துளைக் கிணற்று நீர் கலங்கினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சரிவில் வீடு கட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தாங்குசுவர் (மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்) வயிறு தள்ளியிருக்கிறதா, புதிய வெடிப்பு உண்டா, அதில் விட்ட கசிவுத் துளைகள் அடைத்திருக்கின்றனவா? துளை அடைத்தால் நீரின் அழுத்தம் முழுக்கச் சுவரின் மேல் விழும். இந்த அறிகுறி தெரிந்தால் பருவமழை வரை காத்திருக்காமல் பொறியாளரை அழைத்துவிடுங்கள்.

இனித் தீர்வு. மழைநீரை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் கடமை முடிந்தது என்பதுதான் இன்றைய வழக்கம். மாடியிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய் நேராகத் தெருவில் முடிகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. விழுந்த இடத்தில் எவ்வளவு நீரை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும் என்று பார்ப்பதே வேலை. சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டுமானங்கள் தங்கள் இடத்து மழைநீரைத் தாமதப்படுத்தித்தான் பொது வடிகாலில் விட வேண்டும். நம் மாநிலத்திலும் 2003-லேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது. பல வீடுகளில் அது அனுமதி வாங்குவதற்காகத் தோண்டி, பின் மூடப்பட்ட குழியாக இருக்கிறது.

குழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி ஜல்லி நிரப்பினால் 1,500 லிட்டர் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஜல்லிக்கு இடையே உள்ள வெற்றிடம் சுமார் 35 முதல் 40 சதவீதம்தான். ஆக ஒரு நேரத்தில் நிற்பது 550 லிட்டர் அளவு. மேலே போட்ட கணக்கின்படி உங்கள் மனையில் வருவது 5,000 லிட்டர். எனவே முதல் இடம் சம்ப்புக்கு (தரையடித் தொட்டிக்கு). மாடிநீரை முதல் 10, 15 நிமிடம் வெளியே விட்டு, தூசியும் பறவை எச்சமும் போன பிறகு, மணல்–ஜல்லி வடிகட்டி வழியாகச் சம்ப்பில் சேருங்கள். அது நிரம்பி வழிவது உறைகிணற்றுக்குப் போகட்டும். 3 அடி விட்டமும் 10 அடி ஆழமும் உள்ள உறைகிணறு, ஜல்லி போடாமல் விட்டால், சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். அதுவும் நிரம்பிய பிறகுதான் தெரு.

மலையடிவாரத்தில் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். அங்கே ஆழமாகத் தோண்டிப் பயனில்லை. சம்ப்பின் கொள்ளளவைக் கூட்டுங்கள். தாங்குசுவருக்கு மேற்பக்கமும் அஸ்திவாரத்தை ஒட்டியும் உறிஞ்சுகுழி போடவே வேண்டாம், மண் ஊறினால் சுவருக்கு ஆபத்து. செப்டிக் டேங்க்கிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். வாசல் முழுக்க டைல்ஸ் பதிப்பதையும் தவிருங்கள். கார் நிற்கும் இடத்தில் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, நடுவில் புல்லோ கூழாங்கல்லோ விட்டால் போதும். செலவும் குறைவு.

குறுக்குவழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தெருவில் நீர் நிற்கிறது என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுவார்கள். நீருக்கு அடியில் அந்தத் திறப்பு கண்ணுக்குத் தெரியாது; நடந்து வருகிற குழந்தை உள்ளே போய்விடும். மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் இணைப்பதும் கூடாது, தாழ்வான வீட்டுக் கழிவறை வழியாக அது வெளியே வரும். இடிபாட்டு மண்ணைக் கொட்டி உங்கள் மனையை மட்டும் உயர்த்தினால் நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவரும் உயர்த்துவார், கடைசியில் பழைய வீட்டில் இருக்கும் வயதானவர் மூழ்குவார். வடிகட்டாத நீரை ஆழ்துளைக் கிணற்றில் விட்டால் கிணறே கெடும். ஏரி வழிகிறது என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்குவதும், தெரு வடியட்டும் என்று கரையை வெட்டுவதும் உயிர்ப்பலியில் முடியக்கூடியவை. வெள்ளநீர் புகுந்த சம்ப்பில் படிகாரம் போட்டால் கலங்கிய நீர் தெளியும், கிருமி சாகாது. சம்ப்பைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அதன் பிறகும் குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மோட்டார் அறைக்குள் நீர் வருமுன் மெயினை அணைத்துவிடுங்கள். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள்.

தனி வீட்டால் முடியாதவையும் உண்டு. சாலை போடும்போது, மட்டம் உயராமலிருக்க, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய பரப்பு போட வேண்டும் என்று மாநிலத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் 2021-ல் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் தார்ச்சாலை வேலை தொடங்கும் நாளில் இதைக் கேளுங்கள், முடிந்த பின் கேட்டுப் பயனில்லை. வடிகாலின் மேல் கடைக்காரர் படிக்கட்டுக்காகப் போட்ட சிலாப்பைத் தேவைப்படும்போது தூக்கும்படி அமைப்பதில் அவருக்கும் நட்டமில்லை. பேசிப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். மனைக்குள்ளோ ஒட்டியோ ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் என்று கோடு இருந்தால் அந்த மனை வேண்டாம். இன்று வறண்டு கிடப்பதால் அது ஓடை இல்லை என்று ஆகிவிடாது.

கால்வாய் மறிக்கப்பட்டிருந்தால் புகாரை உரிய இடத்தில் கொடுங்கள். தெரு வடிகால் நகராட்சிக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்துக்கு. புறம்போக்கு ஆக்கிரமிப்பு வட்டாட்சியருக்கு. நீர்வளத் துறையின் ஏரிகளைக் காக்க 2007-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. மனுவில் சர்வே எண், தேதியுடன் எடுத்த படங்கள், தண்ணீர் வடிய எடுத்த நேரம் ஆகியவை இருக்கட்டும். தெருவாசிகள் பத்துப் பேர் கையெழுத்திட்டு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஜமாபந்தியில் (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) மீண்டும் அதே ரசீதைக் காட்டுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டி, வடிகட்டி மணலை மாற்றி, உங்கள் தெருச் சிறுபாலத்தின் இரண்டு வாயையும் நகராட்சிப் பணியாளரைக் கொண்டு திறந்துவையுங்கள். ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்திலும் இதையே ஒருமுறை செய்துவிடுங்கள்.