சுரங்கத்தைத் தாங்கும் சேறு

கான்கிரீட் போடும் இடங்களில், தகரக் கூம்பு ஒன்றைத் தரையில் நிறுத்திக் கலவையை நிரப்பி, பிறகு கூம்பை மெல்ல மேலே தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆதரவிழந்த கலவை சற்றே அமர்ந்துபோகும். எத்தனை மில்லிமீட்டர் அமர்ந்தது என்று அளந்து குறித்துக்கொள்வார்கள். இதற்கு ஸ்லம்ப் சோதனை என்று பெயர். கூம்பின் உயரம் 300 மி.மீ.; அடிப்பக்க விட்டம் 200, மேற்பக்க விட்டம் 100 மி.மீ. நகரங்களுக்கு அடியில் சுரங்கப்பாதை குடையும் பொறியாளர்களும் இதே கூம்பைக் கையாள்கிறார்கள். ஆனால் அவர்கள் சோதிப்பது கான்கிரீட்டை அல்ல, சேற்றை!

சேற்றைச் சோதிப்பானேன்?

வைகை மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு ஒன்று தெரியும். மண்ணை அள்ள அள்ளப் பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும். நம் நாகமலை போன்ற கெட்டிப் பாறையில் குடைந்தால் குடைந்த இடம் தானே நிற்கும். நீர் ஊறும் மணலிலும் களியிலும் நிற்காது. சரிவு மேலேறினால் சாலையும் இறங்கிவிடும். 2017 ஏப்ரல் 9 அன்று, சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கப்பணி நடந்த பகுதியில் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் சிக்கின. நல்லவேளையாகப் பயணிகள் தப்பினர்.

இத்தகைய நிலத்துக்கு ஏற்றது ‘மண் அழுத்தச் சமன்’ முறை. 1970-களில் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. எந்திரத்தின் வட்டமான வெட்டுமுகம் சுழன்று மண்ணைச் சுரண்டுகிறது. சுரண்டிய மண்ணை உடனே வெளியேற்றுவதில்லை. வெட்டுமுகத்துக்குப் பின்னுள்ள அறையில் அடைத்து, அந்த மண்ணையே முன்னாலுள்ள நிலத்துக்கு முட்டாகக் கொடுக்கிறார்கள். முள்ளை முள்ளால் எடுப்பது போலத்தான்! அறையிலிருந்து ஒரு திருகுக் கடத்தி மண்ணை அளவாக வெளியே இழுக்கிறது. திருகு வேகமாகச் சுழன்றால் அறையில் அழுத்தம் குறையும். மெதுவாகச் சுழன்றால் கூடும்.

நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே 10 மீட்டரில் குடைவதாக வைத்துக்கொள்வோம். அங்கே நீரின் அழுத்தம் மட்டுமே ஏறத்தாழ ஒரு வளிமண்டலம். திருகின் ஒரு முனையில் இந்த அழுத்தம். மறுமுனையில், மண் பட்டையில் விழும் இடத்தில், திறந்த காற்று. திருகுக்குள் இருக்கும் சேறுதான் இடையில் அடைப்பானாக நிற்கிறது. அது நீர்த்திருந்தால் நீரும் மண்ணும் பீறிட்டு வெளியேறும். கெட்டியாக இருந்தால் திருகு சிக்கிக்கொள்ளும். ஆக, வேண்டியது பற்பசை போன்ற குணம்: பிதுக்கினால் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

இந்தக் குணத்தைத் தருவது நுரை. சிறிதளவு நுரைப்பான் கலந்த நீரில் காற்றைச் செலுத்தினால், ஒரு லிட்டர் திரவம் 10, 20 லிட்டர் நுரையாகப் பெருகும். இதை வெட்டுமுகத்தின் வழியே மண்ணில் பீய்ச்சுகிறார்கள். குமிழிகள் மணல் துகள்களின் இடையே புகுந்து உராய்வைக் குறைக்கின்றன. நீர் கசியும் வழிகளையும் அடைக்கின்றன.

போதிய நுரை சேர்ந்ததா என்பதைத்தான் கூம்பு சொல்கிறது. கூம்பைத் தூக்கியதும் சேறு தன் எடையாலேயே பரவுகிறது. உயரம் குறையக் குறைய உள்ளே தகைவும் குறைகிறது. சேற்றை நகர்த்தத் தேவையான குறைந்த அளவுக்கு அது வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். பொதுவாக 100 முதல் 200 மி.மீ. வரை அமர்ந்து, அடியில் நீர் பிரியாமலும் இருந்தால் சேறு தகுதியானது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த பாயில் விதியை நினைவுகூருங்கள். நாம் கூம்பில் சோதிப்பது வளிமண்டல அழுத்தத்தில். அறைக்குள்ளோ, வளிமண்டலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அழுத்தம் இரண்டு மடங்கு. 40 லிட்டர் நுரையில் 4 லிட்டர் திரவம், 36 லிட்டர் காற்று எனக் கொண்டால், அறையில் அந்தக் காற்று 18 லிட்டராகச் சுருங்கிவிடும். சுருங்கிய குமிழிகள் வெளியே பட்டைக்கு வந்ததும் மீண்டும் உப்பும். பட்டையிலிருந்து அள்ளிய சேறு இளகலாகத் தோன்றுகிறதே என்று நுரையைக் குறைத்தால், உள்ளே இருக்கும் சேறு மேலும் இறுகும்! இதனால்தான் சில ஆய்வுக்கூடங்களில் கூம்போடு நில்லாமல், அழுத்தமூட்டிய தொட்டியில் சிறிய திருகைப் பொருத்திச் சேற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். எளிய சோதனையை நான் குறைசொல்லவில்லை. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

களிமண்ணுக்கு வேறு தொல்லை. அது வெட்டுமுகத்தில் அப்பிக்கொள்ளும். ஆகவே, மாவு பிசையும் எந்திரம் போன்ற ஒன்றில் கலக்கி, துடுப்பில் ஒட்டிய மண்ணின் எடையை மொத்த எடையால் வகுத்துப் பார்க்கிறார்கள்.

இதை நீங்களும் செய்யலாம். அடி வெட்டிய பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்துக் கூம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஈர மணலை நீர் மட்டும் கலந்து ஒருமுறையும், ஷாம்பு நுரை கலந்து ஒருமுறையும் நிரப்பித் தூக்குங்கள். எதில் நீர் பிரிகிறது என்று கவனியுங்கள். பிறகு கண்மாய்க் களிமண்ணைக் கரண்டியால் கிளறி, ஒட்டிய மண்ணை நுரைக்கு முன்னும் பின்னும் எடைபோடுங்கள்.